நெஞ்சில் ஒளிரும் பெயர் யாருடையது?

கண்காட்சிகளுக்கும் விற்பனைச் சந்தைகளுக்கும் நமது சகோதரிகள் பலர் இப்போது போய் வருகின்றனர். எந்தப் பொருளை மேசையில் முன்னுக்கு வைப்பது, என்ன விலை போடுவது, பையில் எதை அச்சடிப்பது என்றெல்லாம் நாட்கணக்கில் யோசிக்கின்றோம். மேசைக்குப் பின்னால் நிற்கும் பெண்ணின் நெஞ்சில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டியைப் பற்றி யோசிப்பது குறைவு. ஆனால் பொருளைப் பார்த்து நிமிர்பவரின் கண் அடுத்ததாகப் போவது அந்தப் பட்டிக்குத்தான். ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

நான் விட்ட ஒரு பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

"பயனாளி எண்டா என்ன பிள்ளை?"

சில வருடங்களுக்கு முன்னர், கிளிநொச்சி மாவட்டத்தில் பனையோலைக் கைப்பணி செய்யும் பெண்கள் குழுவொன்றை ஒரு கண்காட்சிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பதினொரு பேர். அநேகமானோர் பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கான அட்டைகளை அச்சிடக் கொடுத்தவள் நானே. மேலே, உதவி வழங்கிய நிறுவனத்தின் இலட்சினை பெரிதாக இருந்தது. நடுவில் திட்டத்தின் பெயர். கீழே "பயனாளி" என்ற சொல். பெயர் எழுத ஒரு கோடும் விட்டிருந்தோம். அவசரத்தில் அதை ஒருவரும் நிரப்பவில்லை.

அன்று வந்தவர்கள் அட்டையை வாசித்தார்கள். வாசித்ததும் முகம் மாறியது. "பாவம்" என்று சொல்லி ஒரு பெட்டி வாங்கினார்கள். சிலர் மிச்சக் காசை வாங்காமலே போனார்கள். போரில் யாரைப் பறிகொடுத்தீர்கள் என்று விசாரித்தவர்களும் இருந்தார்கள். பெட்டி இழைக்க எத்தனை நாள் செல்லும், சாயம் போகுமா, இன்னும் இருபது செய்து தர முடியுமா என்று கேட்டவர் ஒருவருமில்லை.

மாலையில் சாமான் கட்டும்போது குழுவில் மூத்த அம்மா கேட்டார்: "உந்தப் பயனாளி எண்டா என்ன பிள்ளை? பெட்டி இழைச்சது நான்தானே. அப்ப என்ரை பேர் எங்கை?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. சமூகவியல் படித்த காலத்தில் ஏர்விங் கொஃப்மன் 1963இல் வெளியிட்ட நூலொன்றைப் படித்திருக்கிறேன். ஒருவர்மீது சமூகம் குத்தும் முத்திரை, அவரது மற்றெல்லாப் பண்புகளையும் மறைத்துவிடும் என்பது அதில் நான் விளங்கிக்கொண்ட விடயம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றேன். அதே முத்திரையை அச்சடித்துப் பதினொரு பெண்களின் கழுத்தில் நானே மாட்டியிருந்தேன்.

வணிகநாமம் எங்கே இருக்கிறது?

வியாபாரத்தில் "பிராண்ட்" என்று சொல்வதை நாம் வணிகநாமம் எனலாம். பெயர், இலட்சினை, நிறம், தரம், பழகும் விதம் ஆகிய எல்லாம் சேர்ந்து வாங்குபவரின் மனதில் பதியும் அடையாளமே அது. இரக்கப்பட்டு வாங்குபவர் பெரும்பாலும் ஒருமுறைதான் வாங்குவார். இன்னாருடைய வேலை இது என்று தெரிந்து வாங்குபவர் மறுபடியும் தேடி வருவார். பொருளையும் அதைச் செய்த ஆளையும் ஒரே பார்வையில் இணைத்துக் காட்டுவது பெயர்ப்பட்டி. அதில் உதவி நிறுவனத்தின் இலட்சினை மட்டும் இருந்தால், நாம் உழைத்து வளர்ப்பது அந்த நிறுவனத்தின் நாமத்தைத்தான்.

அடுத்த கண்காட்சிக்கு முன்னர் குழுவின் சேமிப்பிலிருந்து இரண்டு இலத்திரனியல் பெயர்ப்பட்டிகள் வாங்கினோம். ஒவ்வொருவருக்கும் ஒன்று தேவையில்லை. மேசையில் நிற்பவர்கள் முறை மாற்றி அணியலாம். எழுத்தை மாற்றினால் போதும்.

பட்டிகளின் வகைகள்

முதலாவது, எல்.ஈ.டி. பட்டி. பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில் உயரத்துக்கு 11, அகலத்துக்கு 44 என மொத்தம் 484 ஒளிப்புள்ளிகள் உள்ளன. எட்டுச் செய்திகள் வரை அதில் சேமிக்கலாம். எழுத்து ஓடலாம், அசையாது நிற்கலாம், வேகத்தையும் மாற்றலாம். சிலவற்றைக் கணினியில் யூஎஸ்பி வயரால் இணைத்து எழுதவேண்டும். புளூடூத் உள்ளவற்றுக்குக் கைத்தொலைபேசியே போதும். ஃபொஸ்ஏசியா என்ற திறந்த மூல அமைப்பினர் உருவாக்கிய "பட்ஜ் மஜிக்" செயலி இதற்கென இலவசமாகக் கிடைக்கிறது. இவ்வகையில் பெரும்பாலும் ஒரே நிற வெளிச்சம்தான் வரும். ஆகவே குழுவின் நிறம் பச்சையென்றால் வாங்கும்போதே பச்சையைக் கேட்டு வாங்கவேண்டும்.

இரண்டாவது, மின்தாள் பட்டி. இது வெளிச்சம் விடாது. அச்சடித்த அட்டைபோலவே தெரியும். படத்தை மாற்றும்போது மட்டும் மின்சாரம் தேவை. பிறகு பற்றரி இல்லாமலும் படம் அப்படியே நிற்கும். இலட்சினையைத் தெளிவாகக் காட்ட விரும்புவோருக்கும், வெளிச்சம் நெஞ்சில் மின்னுவதை விரும்பாதோருக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, பட்டியோடு சேர்த்து ஒட்டும் கியூஆர் குறியீடு. 1994இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தினர் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கெடுக்க உருவாக்கியது இது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது இதை வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அதே சதுரத்தைக் குழுவின் பொருட்பட்டியலுக்கு வழியாக்கலாம். விரும்பினால் நடுவில் சின்னதாக இலட்சினையும் வைக்கலாம். ஆனால் வெளிர் நிறத்தின்மேல் கடும் நிறத்தில் அச்சிடவேண்டும், சுற்றிவர வெற்றிடம் விடவேண்டும், நாலைந்து தொலைபேசிகளில் பரீட்சித்துப் பார்க்கவேண்டும்.

ஓலை எண்ணிய கை

தமிழில் எழுதத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. நாங்கள் முதலில் பாவித்த மென்பொருள் ஆங்கில எழுத்துகளை நன்றாகக் காட்டியது. தமிழில் கொம்பு ஓரிடத்திலும் அரவு வேறோரிடத்திலும் நின்றன. "ஆங்கிலத்திலேயே போடுவோமா?" என்று நான்தான் கேட்டேன்.

மூத்த அம்மா சம்மதிக்கவில்லை. பேத்தியின் சதுரக்கோட்டுக் கொப்பியை வாங்கி, 11 கட்டம் உயரம், 44 கட்டம் அகலம் என்று கோடு கீறச் சொன்னார். "ஓலையை எண்ணித்தானே பெட்டியிலை பூப் போடுறம். இதுவும் எண்ணுற வேலைதானே" என்றார். எந்தக் கட்டம் எரியவேண்டும், எது அணைந்திருக்கவேண்டும் என்று பென்சிலால் நிரப்பினார். இரண்டு இழை மேலே, ஒன்று கீழே என்று கணக்கு வைத்துப் பழகிய கைக்கு அது விளையாட்டுப்போல இருந்தது. எழுத்தின் வளைவை எங்கே மடிப்பது, குற்றுக்கு மேலே எத்தனை வரி விடுவது என்று இளையவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்துச் செயலியின் வரையும் பகுதியில் புள்ளி புள்ளியாக நான் குத்தினேன். அன்று பயிற்சி கொடுக்கப் போனவள் நான். பயிற்சி பெற்றவளும் நானே.

அந்த அனுபவத்தில் அறிந்த சில விடயங்கள்:

நாலைந்து எழுத்துக்கு மேல் ஒரேவேளையில் தெளிவாக நிற்காது. ஆகவே அணிபவரின் பெயரை அசையாமல் வைத்து, குழுவின் பெயரை மெதுவாக ஓடவிடலாம். முன்னால் நிற்பவர் ஓரிரு விநாடிதான் பார்ப்பார். பூ, நட்சத்திரம், மின்னல் எல்லாம் போட்டால் பெயர் தெரியாமல் போய்விடும்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டலாம். அச்சட்டையைவிட இதில் உள்ள பெரிய வசதி இதுவே. சிங்கள எழுத்தை அம்மொழி பேசும் ஒருவரிடம் காட்டித் திருத்திய பின்னரே பட்டியில் ஏற்றுங்கள்.

பட்டியைச் சுற்றி உங்கள் கைவேலையிலேயே ஒரு சட்டம் செய்யுங்கள். எமது குழு சாயமிட்ட ஓலையில், தங்கள் பெட்டிகளில் போடும் அதே பூவோடு சட்டம் இழைத்தது. தையல் குழுவென்றால் துணியில் செய்யலாம். கடையில் வாங்கிய பட்டி எல்லோரிடமும் ஒன்றுபோல இருக்கும். சட்டம்தான் அதை உங்களுடையதாக்கும். சார்ஜ் ஏற்றும்போது சட்டத்திலிருந்து கழற்றிவிடுங்கள்.

எந்தப் பெயரை எழுதுவது?

இந்தக் கேள்விக்குத்தான் ஒரு முழுப் பின்னேரம் சென்றது. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு சகோதரி, அவரது முதலெழுத்து தன் பெயருக்கு முன்னால் கட்டாயம் வரவேண்டும் என்றார். "அவர் இல்லையெண்டு நான் ஒரு இடத்திலையும் எழுதிக் குடுக்கேல்லை" என்றார். இன்னொருவர் தனக்குத் தன் பெயர் மட்டும் போதும், திருமதியும் வேண்டாம் என்றார். இரண்டையும் அப்படியே எழுதினோம். இதில் சரி, பிழை சொல்ல எனக்கோ குழுத் தலைவிக்கோ உரிமையில்லை.

ஒருவர் பட்டியே வேண்டாம் என்றார். 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தவர் அவர். "எத்தினை தரம் அட்டையைக் காட்டிக்கொண்டு நிண்டிருப்பன். இனி என்ரை நெஞ்சிலை ஒண்டும் குத்தேலாது" என்றார். அவர் பட்டி இல்லாமலே நின்றார். நன்றாகவே விற்றார். பெயர் அணிவது உரிமையானால் அணியாமல் விடுவதும் உரிமையே.

"போரால் பாதிக்கப்பட்ட பெண்கள்" என்று எழுதுவதா என்றும் விவாதித்தோம். எழுதினால் விற்கும் என்று இருவர் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். முடிவில் குழுவின் பெயரும் "பனையோலைக் கைப்பணி" என்பதும் மட்டும் போதும் எனத் தீர்மானித்தார்கள். பட்டதைச் சொல்ல விரும்புபவர் தன் வாயால், தான் விரும்பிய ஆளுக்குச் சொல்லட்டும் என்பது அவர்களின் கருத்து.

எதைப் போடக்கூடாது?

பெண்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய விடயம் இது. சொந்தத் தொலைபேசி இலக்கத்தைப் பட்டியிலோ கியூஆர் குறியீட்டிலோ போடாதீர்கள். இரவில் வரும் தேவையற்ற அழைப்புகளை எமது குழுவில் இருவர் அனுபவித்திருக்கிறார்கள். குழுவுக்கென ஒரு பொது இலக்கம் எடுத்து, அதன் வட்ஸ்அப்பை மட்டும் கொடுங்கள். வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் படம் ஆகியவையும் வேண்டாம்.

சில கண்காட்சிகளில் ஏற்பாட்டாளர்களே இலத்திரனியல் அட்டை தந்து, விபரம் கேட்பார்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நமது நாட்டில் உண்டு.

பட்டிகள் ஊசியோடும் காந்தத்தோடும் வருகின்றன. இதய இயக்கி பொருத்தியவர்கள் காந்தம் உள்ளதை நெஞ்சில் அணியக்கூடாது. தோளில் ஷெல் துண்டு இருக்கும் ஒரு சகோதரி தனக்குக் காந்தம் வேண்டாம் என்றார். ஊசி உள்ளதைக் கொடுத்தோம். மெல்லிய சேலையைப் பாரம் இழுக்கும். ஆகவே தோள்மடிப்பில் குத்துவது நல்லது. கண்காட்சி முடிந்ததும் வாசலிலேயே கழற்றிப் பைக்குள் வையுங்கள். பஸ்ஸில் நமது பெயர் ஊருக்குத் தெரியவேண்டியதில்லை.

பட்டியில் ஏற்றும் குழுப் பெயரைப் பிரதேச செயலகத்தினூடாக வியாபாரப் பெயராகப் பதிவுசெய்து வைப்பதும் அவசியம். இலட்சினைக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமெனில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வர்த்தகக் குறியாகப் பதியலாம்.

அந்தக் கண்காட்சியில் விற்பனை ஒன்றும் மலைபோல் உயரவில்லை. இரண்டாம் நாள் ஒரு பட்டிக்குச் சார்ஜ் ஏற்ற மறந்து, மத்தியானத்தோடு அது அணைந்தும் போனது. ஆனால் வந்தவர்கள் பெயரை வாசித்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஓலையைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் கேட்டார்கள். இரண்டு வாரம் கழித்துக் குழுவின் இலக்கத்துக்கு ஒரு கடைக்காரர் அழைத்தார். மூத்த அம்மாவின் பெயரைச் சொல்லி, அவர் இழைத்த மூடிப்பெட்டியில் பத்து வேண்டும் என்றார்.

சகோதரிகளே, இலத்திரனியல் பட்டி வாங்க வசதியில்லாவிட்டால் காட்போட் மட்டையில் பேனையால் எழுதினாலும் போதும். எழுதுமுன் குழுவாக இருந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் யாருடைய பெயர் பெரிதாக இருக்கிறது? அதை யார் தீர்மானித்தது? அணிபவருக்கு அதில் சம்மதமா? உதவி வழங்கும் நிறுவனங்களில் வேலைசெய்யும் என் போன்றவர்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். என்னிடம் ஓர் அம்மா கேட்டபடியால்தான் நான் திருந்தினேன்.