மாநகராட்சி எல்லை ஊருக்குள் வரும்போது

2025 தொடக்கத்தில், 16 மாநகராட்சிகளின் எல்லையை விரிவாக்க 149 கிராம ஊராட்சிகளை அவற்றோடு இணைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. நகராட்சிகளோடு சேரவிருந்த ஊராட்சிகள் தனிக் கணக்கு. பல ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் கோபம் நியாயமானது. நூறு நாள் வேலை என்று அறியப்பட்ட ஊரக வேலைத் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது என்பதால், ஊர் நகரமாகிவிட்டால் கையிலுள்ள வேலை அட்டை வெறும் காகிதம். வீட்டு வரியும் கட்டட அனுமதிக் கட்டணமும் நகரக் கணக்குக்கு மாறும். போதாக்குறைக்கு, பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் அந்த ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. ஊர் சார்பில் பேச வேண்டியவர்கள் பொறுப்பில் இல்லாத நேரத்தில் ஊரின் தலைவிதி எழுதப்படுவது சரியல்ல. ஆனாலும் ‘இணைக்காதே’ என்ற முழக்கம் மட்டும் ஒரு ஊரைக் காப்பாற்றாது. எந்த அடிப்படையில் இணைப்பு செய்யப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ, அந்த அடிப்படையிலேயே ஊர் தன் வாதத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் இறுதி அரசாணை வருவதற்கு முன்பே.

அந்த அடிப்படை அரசமைப்புச் சட்டத்தின் 243கியூ பிரிவில் இருக்கிறது. மக்கள்தொகை, அதன் நெருக்கம், உள்ளாட்சிக்கு வரும் வருவாய், விவசாயம் அல்லாத வேலை செய்வோரின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைப் பார்த்தே ஒரு பகுதியை நகரமாக வகைப்படுத்த வேண்டும் என்கிறது அது. இவை ஒவ்வொன்றுக்கும் ஊரிலேயே சான்று உண்டு. எந்தப் புல எண்ணில் நெல், எதில் வாழை, எது தரிசு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் காட்டும். எத்தனை குடும்பம் கூலி வேலையை நம்பியிருக்கிறது என்பதை வேலை அட்டைப் பதிவேடு சொல்லும். ஊராட்சியின் சொந்த வருமானம் எவ்வளவு என்பது வரி வசூல் பதிவேட்டில் இருக்கிறது. இவற்றைத் தொகுத்து, கிராம சபைத் தீர்மானத்தோடு இணைத்துக் கொடுக்கும் ஆட்சேபனைக்கும், நூறு பேர் கையெழுத்திட்ட ஒரு பக்க மனுவுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் ஆவணமாக அது கோப்பில் நிற்கும்.

மனு கொடுத்து என்ன ஆகப்போகிறது, நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் மகாராஷ்டிரத்தில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். கல்யாண் மாநகராட்சியை உருவாக்கியபோது உல்லாஸ்நகரையும் அதில் சேர்ப்பதாகத்தான் வரைவு அறிவிப்பு வந்தது. உல்லாஸ்நகர் மக்கள் எதிர்த்தார்கள். அரசு அந்நகரை விட்டுவிட்டது. அதை எதிர்த்துச் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். எல்லை வகுப்பது சட்டமியற்றுவதைப் போன்ற செயல், சட்டம் சொல்லும் நடைமுறைக்கு மேல் யாரையும் அழைத்து விசாரிக்க வேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரைவுக் கட்டத்தில் பேசிய ஊர் தப்பியது. பிறகு நீதிமன்றம் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நகரத்தோடு சேர்ந்தால் சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை வருமே என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. நெடுஞ்சாலை ஓரம் முழுக்க மனைகளாகி, கழிவுநீர் ஏரியில் விழும் ஊராட்சிகள் இருக்கின்றன. அந்தச் சுமையைச் சுமக்கும் வசதி அவற்றிடம் இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் இணைப்பை எதிர்ப்பதில் பொருளில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் வசதி தானாக வராது. 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அவற்றில் 25 கிராம ஊராட்சிகள். பத்தாண்டு கடந்த பிறகும் சேர்க்கப்பட்ட பல பகுதிகளில் பாதாளச் சாக்கடைப் பணி முடியாமல் கழிவுநீர் லாரியையே மக்கள் நம்பியிருந்தார்கள். பிரதிநிதித்துவமும் மாறுகிறது. ஊராட்சித் தலைவரை ஊரே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது. சென்னை மாநகராட்சியிலோ 200 உறுப்பினர்களில் ஒருவர், அவருக்கும் மேல் மறைமுகத் தேர்தலில் வந்த மேயர். தெருவிளக்கு எரியவில்லை என்று யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதே மாறிப்போகிறது.

நகரமா, கிராமமா என்ற இரண்டே வழிதான் என்பதும் இல்லை. கிராமத்திலிருந்து நகரமாக மாறிவரும் பகுதிக்கென்று அதே 243கியூ தனி அமைப்பை வைத்திருக்கிறது. நம் பேரூராட்சிகள் அந்த இடத்தில் இருப்பவை. பெரிய ஊராட்சி ஒன்று தன்னைத் தனிப் பேரூராட்சியாக்கும்படி கேட்கலாம், மனைகளான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு வயற்பகுதியை விட்டுவிடக் கோரலாம். வகைப்பாடு கல்லில் பொறித்ததும் அல்ல. 2004-இல் ஊரக நிதி கிடைக்க வேண்டும் என்பதற்காக 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை அரசே சிறப்பு நிலை ஊராட்சிகளாக்கியது; 2006-இல் மீண்டும் பேரூராட்சிகளாக்கியது. நிதிக்காக அரசு மாற்ற முடியுமென்றால், வாழ்வாதாரத்துக்காக ஊரும் கேட்கலாம்.

எல்லாம் கேட்டும் இணைப்பு உறுதியென்றால், பேரத்தில் இறங்க வேண்டும். வரியைச் சில ஆண்டுகளுக்குப் படிப்படியாகவே உயர்த்துவது, குளமும் மேய்க்கால் புறம்போக்கும் மயானமும் வேறு பயன்பாட்டுக்குப் போகாமல் இருப்பது, வேலை இழக்கும் குடும்பங்களை நகர்ப்புற வேலைத் திட்டத்தில் சேர்ப்பது: இவற்றுக்கு வாய்மொழி உறுதி போதாது, அரசாணையிலோ மாமன்றத் தீர்மானத்திலோ எழுத்தாக வேண்டும். அடுத்து வார்டு மறுவரையறை. ஊரை இரண்டு மூன்று வார்டுகளுக்குப் பிய்த்துப் போட்டால், எந்த வார்டிலும் அந்த மக்களின் வாக்குக்குக் கனம் இருக்காது. மறுவரையறை வரைவுக்கும் ஆட்சேபனை சொல்லக் கெடு உண்டு. இணைப்பு எதிர்ப்பில் களைத்துப்போய் அதைத் தவறவிடாமல், வார்டு வரைபடத்தை வாங்கித் தெருத்தெருவாகச் சரிபார்க்க வேண்டும்.