'ஸ்பீச் டிலே' என்று எழுதினால் போதுமா?

"சொல்றதெல்லாம் புரியுது டாக்டர், வாய்தான் திறக்க மாட்டேங்கிறான்." இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் தாய்மார் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். பிள்ளைக்கு என்ன புரிகிறது, என்ன சொல்ல வருகிறது என்று தனித்தனியே விசாரிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் அந்தப் பேச்சில் இருக்கின்றன. நெரிசலான ஓ.பி. சீட்டில் விழுவதோ பல நேரம் ஒரே வரி: ஸ்பீச் டிலே. காய்ச்சல் என்று மட்டும் எழுதி அனுப்புவதைப் போன்றது அது. காரணம் இன்னும் தேடப்படவில்லை.

முதலில் காது. பட்டாசுச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பது சான்றாகாது. கனத்த ஒலிகள் நன்றாகக் கேட்டு, 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் எட்டாத பிள்ளைகள் உண்டு. சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்தால் கேட்கும் திறன் ஏறி இறங்கும். உட்செவி ஒலிக்கு எதிரொலி தருகிறதா என்று பார்ப்பது ஓ.ஏ.ஈ. சோதனை. ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டை எட்டுகிறதா என்று பிள்ளை தூங்கும்போதே அளப்பது பெரா. இரண்டுக்கும் பிள்ளை வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. "கொஞ்சம் வயசு வரட்டும்" என்று இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு.

அடுத்து புரிதல். "செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லும்போதே நம் கண்ணும் கையும் செருப்பின் பக்கம் போய்விடுகின்றன. பிள்ளை சொல்லைக் கேட்டதா, கையைப் பார்த்ததா? சைகையில்லாமல் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றரை வயதுப் பிள்ளை காக்காயை விரல் நீட்டிக் காட்டிவிட்டு நம் முகத்தையும் பார்க்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். அது இல்லையென்றாலோ, வந்த சொற்கள் நின்றுபோனாலோ, ஆட்டிசத்துக்கான மதிப்பீடு தாமதமில்லாமல் வேண்டும்.

இந்தச் சோதனைகளுக்கு உரிய மாதங்கள் நம் வீடுகளில் வேறுவிதமாகக் கரைகின்றன. வசம்பை உரைத்து நாக்கில் தடவுகிறோம். அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார் என்று ஆறுதல் கொள்கிறோம். நாக்கு ஒட்டியிருக்கிறது என்கிறோம். ஒட்டிய நாக்கு சில ஒலிகளைப் பிசகச் செய்யலாம், சொற்கள் வராமல் தடுக்காது. இரண்டு மொழி பேசும் வீடு என்பதும் காரணமல்ல. இரு மொழிச் சொற்களையும் கூட்டித்தான் எண்ண வேண்டும்.

காதையும் புரிதலையும் சோதித்துக் கண்டவை சீட்டில் எழுதப்படாவிட்டால் என்ன ஆகும் என்பது மெடிக்கல் கோடிங் வேலையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். சென்னையில் ஏராளமானோர் அமெரிக்க மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்து நோய்களுக்கான ஐசிடி-10-சிஎம் குறியீடு இடுகிறார்கள். தாமதமாகப் பேசும் பிள்ளை என்று மட்டும் இருந்தால் ஆர்62.0. புரிகிறது, சொல்ல வரவில்லை என்றால் எஃப்80.1. இரண்டிலும் குறை என்றால் எஃப்80.2. கேட்புக் குறைவால் வந்த தாமதம் எஃப்80.4, கூடவே காதுக் குறைபாட்டுக்கு உரிய குறியீடும் சேர வேண்டும். பேச்சு, மொழி வளர்ச்சிக் குறை என்று மட்டும் சொல்லி வகையை எழுதாவிட்டால் எஃப்80.9. புறநோயாளிக் குறிப்பில் "ஆட்டிசமாக இருக்கலாம்" என்றிருந்தால் கோடர் ஆட்டிசக் குறியீட்டைப் போடக்கூடாது, எழுதியுள்ள அறிகுறிக்கு உரியதை மட்டுமே இடலாம். சந்தேகம் ஒரு பிள்ளையின் பெயரில் நோயாக ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் இதை நல்ல விதி என்றே சொல்வேன். ஆனால் மருத்துவர் எழுதாததைக் கோடரால் ஊகிக்கவும் முடியாது. பேச்சுத் தெரபி எதற்கு என்று காப்பீட்டு நிறுவனம் கேட்டால், எஃப்80.9 சொல்லும் பதில் மிகக் குறைவு.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் போகும்போது இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. அதில் 'பேச்சு, மொழிக் குறைபாடு' என்பது குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் பேச்சிழப்பு போன்ற நிரந்தர நிலைகளைக் குறிப்பது. கேட்புக் குறைவு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ஆகியவை தனித்தனி வகைகள். காரணம் கண்டறியாத வெறும் 'ஸ்பீச் டிலே' சீட்டு அங்கே எந்தக் கதவையும் திறக்காது.

2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களுக்குப் போகும் பெற்றோர் ஒரு நோட்டைக் கொண்டுபோகலாம். "அம்மா: பசித்தால் மட்டும். பா: பாலுக்கும் பந்துக்கும். போன மாதம் சொன்ன 'டாட்டா' இப்போது இல்லை." தேதியோடு இப்படி நாலு வரி இருந்தால், மருத்துவர் கேள்வியை அங்கிருந்தே தொடங்குவார்.