வோல்ட் குறைந்தால் சூடு தணியும்

ப்ராசஸர் உறிஞ்சும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே லேப்டாப்பின் சூட்டைக் குறைப்பதும் பேட்டரி நேரத்தைக் கூட்டுவதும் ஒரே வேலை. சென்னைக்காரர்களுக்கு இது கூடுதல் முக்கியம். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி வெயில் பதிவானது. லேப்டாப் விசிறி இழுப்பது அறைக் காற்றைத்தான். அந்தக் காற்றே அனலாக இருந்தால் எவ்வளவு சுழன்றும் பலன் குறைவு.

ப்ராசஸரில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அவை நிலை மாறும் ஒவ்வொரு முறையும் துளி மின்னூட்டம் நிரம்பி வடிகிறது. இதற்குச் செலவாகும் மின்திறன் வேகத்தைப் பொறுத்து நேராகவும், வோல்ட்டைப் பொறுத்து அதன் வர்க்கமாகவும் ஏறும். வோல்ட்டை மட்டும் 10 சதவீதம் குறைத்தால் செலவு முன்பிருந்ததில் 0.9 × 0.9 = 0.81 பங்காகிவிடும். வேகத்தையும் 10 சதவீதம் குறைத்தால் 0.73, கால் பங்குக்கு மேல் மிச்சம்!

ப்ராசஸரை வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓட்டும் டர்போ வசதி இதற்கு நேர் எதிர். உச்ச வேகத்துக்குப் போக வோல்ட்டும் ஏறியாக வேண்டும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் செலவு மிக அதிகம். 50 வாட்-மணி பேட்டரி, மொத்தச் செலவு 10 வாட் என்றால் 5 மணி நேரம் தாங்கும். 25 வாட் என்றால் 2 மணி நேரம்தான்.

விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்பதை 99 ஆக வைத்தால் பல லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். லினக்ஸில் டிஎல்பி என்ற இலவச மென்பொருளிலும் இதைச் செய்யலாம். கடிதம் தட்டச்சு செய்யவோ இணையத்தில் படிக்கவோ வேகக் குறைவு தெரியாது. வோல்ட்டை மட்டும் தனியே குறைக்கும் 'அண்டர்வோல்டிங்' வசதியை, 2019இல் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட பிறகு, பல நிறுவனங்கள் பூட்டிவிட்டன. திறந்திருந்தாலும் சிறிது சிறிதாகக் குறையுங்கள்; அளவு மீறினால் கணினி உறைந்துவிடும்.

விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு போலப் படியும். அதை எடுத்து, ப்ராசஸரிலிருந்து வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றினாலே சூடு குறையும். மெத்தையில் வைத்து இயக்கினால் காற்று வழி அடைபடும்.

வேலைக்கு வேண்டிய அளவே சக்தி என்ற இந்தக் கணக்கு, அடையாறை அடுத்த சென்னை ஐஐடியில் பேராசிரியர் வீ. காமகோடி குழு உருவாக்கிய 'சக்தி' ப்ராசஸர் வரிசையிலும் உண்டு. சிறு கருவிகளுக்கு, கட்டளைகளை மூன்று கட்டங்களில் நிறைவேற்றும் இ-வகுப்பு, அதைவிடப் பெரிய வேலைகளுக்கு ஐந்து கட்ட சி-வகுப்பு எனப் பிரித்தே வடிவமைத்தார்கள். 2018இல் சக்தி சில்லில் லினக்ஸ் இயங்கியது.

சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர்களில் மின்கசிவும் கூடும். லித்தியம் பேட்டரியும் சீக்கிரம் மூப்படையும். இன்று சூட்டைத் தணிப்பது இன்றைய பேட்டரி நேரத்தை மட்டுமல்ல, பேட்டரியின் ஆயுளையும் நீட்டிக்கும்.