பாற்பல்லும் குருத்தணுவும்

பாற்பல் விழுந்தால் அதைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் சிறுவர்களின் பழைய வழக்கம். செங்கற்பட்டை அடுத்த படாளத்தில் நான் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில் மாணவர் பலர் இவ்வாறு செய்ததை அறிவேன். பயனற்றதென்று எறியப்படும் அச்சிறு பல்லினுள் மருத்துவ அறிஞர்கள் இன்று ஓர் அரும்பொருளைக் கண்டிருக்கின்றனர். அப்பொருள் யாது, அதனால் அழற்சி நோய்கள் தீருமா என்பவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

பல்லின் மேற்புறத்தில் இருப்பது எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதன் கீழே டென்டின் என்னும் உறுதியான பகுதி உண்டு. நடுவே குருதிக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்மையான பற்கூழ் இருக்கிறது. இப்பற்கூழில்தான் ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் உறைகின்றன.

குருத்தணு என்பது என்ன? எங்கள் ஊர்க் கரும்பு வயலை நினைத்துப் பாருங்கள். உழவர் நடுவது கரும்புக் கரணையை. அதன் கணுவிலுள்ள சிறு பருவே முளைத்து, தண்டாகவும் தோகையாகவும் வளர்கிறது. அதுபோலவே குருத்தணுவும் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். வேறு வகை உயிரணுக்களாக மாறவும் வல்லது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஸ்டான் கிராந்தோஸ், சாங்டாவோ ஷி முதலிய அறிஞர்கள் ஞானப்பற்களின் கூழில் இவ்வணுக்களைக் கண்டறிந்தனர். பின்னர் ஷியின் ஆறு வயது மகள், ஆடிக்கொண்டிருந்த தன் பல்லைப் பிடுங்கித் தருமாறு தந்தையிடம் கேட்டாள். பிடுங்கிய பல்லினுள் செந்நிறத் திசு ஒட்டியிருப்பதை அவர் கண்டார். பாற்பல்லிலும் குருத்தணு உண்டென்னும் முடிவு 2003இல் வெளியாயிற்று.

இனி, அழற்சியைக் காண்போம். காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வெதும்பி, வீங்கி, வலிக்கிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை இது. சமையல் முடிந்ததும் அடுப்பு அணைய வேண்டும். அணையாத நெருப்பு கூரையைப் பற்றும். அவ்வாறே தணியாத அழற்சி, உடலின் உறுப்புகளையே அழிக்கிறது. மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமும், பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கும் முற்றிய ஈறு நோயும் இவ்வகையின.

குருத்தணுக்கள் புதிய திசுவாக மாறி நோயைத் தீர்க்கும் என்றே முதலில் எதிர்பார்த்தனர். அவை வேறொரு பணியும் செய்வது பின்னர் புலனாயிற்று. அவை சுரக்கும் பொருள்கள், தாக்கும் வெள்ளணுக்களின் வேகத்தைக் குறைத்து, அடக்கி ஆளும் வெள்ளணுக்களைப் பெருக்குகின்றன. லூபஸ் என்னும் அழற்சி நோயுற்ற சுண்டெலிகளுக்குப் பாற்பல் குருத்தணுக்களைச் செலுத்தியபோது நோய் தணிந்ததாக 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

எனினும் எலி வேறு, மனிதன் வேறு. பல்லின் வேரைப் பற்றியிருக்கும் நாரிலும் குருத்தணுக்கள் உண்டு. அவற்றை ஈறு நோயாளிகளுக்கு இட்டுச் சீனாவில் செய்த சோதனையின் முடிவு 2016இல் வெளியாயிற்று. தீங்கு நேரவில்லை; ஆயினும் அணு இடப்பெறாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க மிகுந்த பயனும் காணப்படவில்லை.

இதனால் குருத்தணு மருத்துவம் முழுவதும் கனவென்று எண்ண வேண்டா. புகையிலைப் பழக்கமுடையோரைத் தாக்கும் பர்கர் நோய், குருதிக் குழாய்களின் அழற்சியால் கால்களையே இழக்கச் செய்வது. அதற்கென எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களால் இந்தியாவில் ஆக்கப்பட்ட மருந்தொன்று, மனிதரிடம் சோதிக்கப்பட்ட பின் 2016இல் வரையறைக்குட்பட்ட அனுமதி பெற்றது. பற்குருத்தணுவும் இவ்வழியே நடந்துதான் வர வேண்டும்.

இதற்கிடையே, பிள்ளையின் பல்லைப் பொருள் பெற்றுக்கொண்டு சேமித்து வைப்பதாகக் கூறுவோர் தோன்றினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறை, தொப்புள்கொடிக் குருதி ஒன்றைத் தவிர, பல் முதலியவற்றை வணிக நோக்கில் சேமிப்பதை ஏற்கவில்லை. நோயுற்ற பிள்ளையின் பெற்றோர் நம்பிக்கையால் எதையும் கொடுக்கத் துணிவர். கற்ற நீங்கள்தாம் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும்.

ஆகவே மாணவர்களே, புதிய மருத்துவம் பற்றிய செய்தி கேட்டால் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: சோதனை எலியிடமா, மனிதரிடமா? மருந்து பெறாதவரோடு ஒப்பிட்டார்களா? அரசு அனுமதி உண்டா? விடை வரும்வரை காலையும் இரவும் பல் துலக்குங்கள். ஈற்றின் அழற்சியைத் தடுக்க இன்று நம் கையிலுள்ள உறுதியான வழி அதுவே.