பூட்டும் திறப்பும்

கிருலப்பனைக்கு அயலிலுள்ள நாரஹேன்பிட்டிப் பக்கத்தில் ஒரு காலத்தில் உலகப் போரின் இரகசியங்கள் துருவி ஆராயப்பட்டன என்பதை நம்மவரிற் பலர் அறியார். அங்கிருந்த அன்டர்சன் கோல்ப் திடலிலே 1943ஆம் ஆண்டு முதல் பிரித்தானியக் கடற்படையின் ஒற்றுக்கேட்கும் நிலையமொன்று இயங்கியது. வானலையில் வந்த ஜப்பானியச் செய்திகளைக் கேட்டெழுதி, அவற்றின் மறைகுறிகளை அவிழ்ப்பதே அங்கிருந்தோரின் பணி. அதற்கு முந்திய ஆண்டில், 1942 ஏப்ரல் 5ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அத்தாக்குதல் வரவிருந்ததையும் மறைகுறிகளில் ஒரு பகுதியைப் படித்த நிபுணர்கள் முன்னரே அறிந்திருந்தனர். ஒரே கூட்டெண் அட்டவணையை ஜப்பானியர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியமை அந்நிபுணர்களுக்கு வாய்ப்பாயிற்று.

போர்க்களத்துக்குரிய அக்கலை இன்று நம் இல்லங்களுக்கும் வந்துவிட்டது. வங்கியில் நாம் கொடுத்த அடையாள அட்டை இலக்கம், மருத்துவ அறிக்கை, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ், கடைக்காரர் குறித்து வைக்கும் வாடிக்கையாளர் விபரம் ஆகியன கணினிகளிலே தங்குகின்றன. மறைகுறியாக்கம் என்பது இவற்றைப் பொருள் விளங்காத குறிகளின் குவியலாக மாற்றும் கணித முறையாகும். உரிய திறப்பை உடையவரே அவற்றை மீண்டும் வாசிக்கலாம். 2001இல் அமெரிக்கா நியமமாக ஏற்று, இன்று உலகெங்கும் வழங்கும் முறையில், மிகக் குறுகிய திறப்புக்கே 39 இலக்க எண்ணளவு சாத்தியங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது இன்றைய எக்கணினிக்கும் இயலாத காரியம்.

ஆயின், பூட்டுக்கு நல்லவன் தீயவன் என்ற பேதம் தெரியாது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் முகிற்கணினித் தொகுதிக்குள் நுழைந்தோர், அங்கிருந்த தரவுகளைத் தமது திறப்பினாற் பூட்டிவிட்டனர். தனியே பிரித்து வைத்த பிரதி இல்லாமையால், அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. உரியவரைக் காக்கவேண்டிய கலையே உரியவரை வெளியே நிறுத்தியது!

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் தரவைக் கையாளும் நிறுவனங்கள் கைக்கொள்ளத்தக்க காப்புகளுள் மறைகுறியாக்கத்தையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. சட்டம் நிறுவனத்துக்கு, நம் கடமை நமக்கு. கடவுச்சொல்லே நம் கையிலுள்ள திறப்பு. பிள்ளையின் பெயரையோ பிறந்த திகதியையோ கடவுச்சொல்லாக வைத்தல் ஆகாது. ஒரே சொல்லை எல்லா இடத்திலும் வழங்குவது, அட்டவணையை மாற்றாத அக்கடற்படையின் பிழையை நாமும் செய்வதாகும். தொலைபேசியில் வங்கியாளர் எனச் சொல்லிக் கேட்போருக்கு அதனைக் கூறலாகாது. முக்கிய பத்திரங்களின் பிரதியொன்றைக் கணினியோடு இணையாத தனித்தட்டில் வைத்தலும் நன்று.

இரும்புப் பெட்டி வாங்கித் திறப்பை வாசற்படியிலே வைப்பவரை உலகம் நகைக்கும். பெட்டி எத்துணை உறுதியாயினும், காவல் திறப்பில் அன்றோ இருக்கின்றது?