விடையிறுக்கும் பாவைகள்

எகிப்து நாட்டுப் பழங்கல்லறைகளில் ஒரு சாண் அளவினவும் அதனிற் சிறியனவுமாகிய பாவைகள் திரள்திரளாகக் கிடைக்கின்றன. மரத்தானும் கல்லானும் சுடுமண்ணானும் இயன்ற அவற்றை ‘உஷப்தி’ என்ப. விடையிறுப்போன் என்பது அச்சொற்குப் பிற்காலத்து எகிப்தியர் கொண்ட பொருள்.

மறுமையிலும் உழவுண்டு என்பது அம்மக்கள் துணிபு. ஆண்டுள்ள வயல்களில் நீர்பாய்ச்சவும் மணல் சுமக்கவும் இறந்தவனை அழைப்பின், அவனுக்கு மாறாக ‘யான் செய்வல்’ எனப் பாவை விடைகூறல் வேண்டும். அதற்குரிய மந்திரம் ‘இறந்தோர் நூல்’ எனப்படுவதன் ஆறாம் பகுதியாம்; பாவையின் உடலிலேயே அது பொறிக்கப்படுதலும் உண்டு. கையிற் களைக்கொட்டு, முதுகில் விதைப்பை. 1922-இல் வெளிப்பட்ட தூத்தன்காமன் கல்லறையில் இருந்தவை 413. நாளொன்றுக்கு ஓராளாக 365, பதின்மர்க்கு ஒரு கண்காணியாக 36, திங்கட்கு ஒருவராக 12 எனக் கணக்கிட்டு வைத்துள்ளனர். முடிவேந்தனும் ஆண்டு மண் சுமக்க நேருமென அஞ்சினன் போலும்!

சித்தாந்தம் பயில்வார்க்கு ஈண்டு ஓர் ஐயம் எழும். ஒருவற்குரிய வினையைப் பிறிதொன்று செய்து கழிக்குமோ? சடமாகிய பாவை ஏவல் கேட்டு விடையிறுத்தல் யாங்ஙனம்? எகிப்தியரும் இத்தடையை ஓராற்றான் உணர்ந்தனர் எனலாம். முற்காலப் பாவைகள் இறந்தவன் பெயரையே தாங்கி அவன் வடிவாகவே நின்றன. அடிமையாள் என்னும் கருத்து வலுத்தது பின்னரே.

இனி, நம் நாட்டு ஈமங்களை நோக்குவாம். வாலாஜாபாத்தில் உறைவார் இதற்கு நெடுந்தொலை செல்ல வேண்டா. மதுராந்தகத்தை அடுத்த சானூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் அகழ்ந்தபோது கால்கள் அமைந்த சுடுமண் பேழைகளும் இரும்புக் கருவிகளும் வெளிப்பட்டன. பொருநைக்கரை ஆதிச்சநல்லூரிலோ, யாகோர் என்பார் 1876-இலும், அலெக்சாந்தர் ரீ என்பார் 1899 முதல் 1905 வரையிலும் தாழிகள் பலவற்றை அகழ்ந்தெடுத்தனர். நெல்லுமி, சிறுகூல உமி, மண்வெட்டி முதலிய இரும்புக் கருவிகள் என்பன அவற்றோடு கிடைத்தன. எகிப்தியர் கருவியோடு ஆளையும் செய்து வைத்தனர். நம் முன்னோர் கருவியை மட்டும் வைத்தனர். அதனைப் பிடிக்கும் கை இறந்தவன் கையே என அவர் எண்ணினர் என்று கொள்ளத் தோன்றுகின்றது. நீலமலைக் கற்குவைகளில் மட்கல மூடிமேல் எருமை, மாந்தர் முதலிய உருவங்கள் உளவெனினும், அவற்றை ஏவலாளர் எனற்குச் சான்றில்லை.

இறந்தாரோடு துணைசெல்லும் கருத்து சங்கநூலில் வேறோர் உருவில் வருகின்றது. கணவனை இழந்தாளொருத்தி தாழி வனையும் குயவனை வேண்டுவதாக அமைந்தது புறநானூற்று 256-ஆம் பாட்டு. பாவை வேண்டினாள் அல்லள். தனக்கும் இடமாகுமாறு அத்தாழியை அகலமாக வனைக என்றே இரந்தாள்.