கம்பி நிறைய இரைச்சல்

மணியாச்சியிலிருந்து கயத்தாறு வரை கரிசல் காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலையோ உயரழுத்த மின்கோபுரமோ கண்ணில் படும். துணைமின் நிலையத்துக்குள் லைன் இறங்குகிற இடத்தில் பீப்பாய் பருமனில் ஒரு கம்பிச்சுருள் தொங்கினால், அது வேவ் ட்ராப். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டை அது தாராளமாக உள்ளே விடும். அதே கம்பியில் 500 கிலோஹெர்ட்ஸ் வரையான அலையில் ஏறி வரும் பேச்சையும் தகவலையும் மறித்துக் கருவிக்குத் திருப்பிவிடும். மின்வாரியங்கள் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் பேசிக்கொண்டன.

தெருக்கம்பியிலும் இதைச் செய்யலாம். வீட்டு மீட்டரின் ரீடிங்கை டிரான்ஸ்ஃபார்மரடியில் உள்ள பெட்டிக்கு அனுப்பலாம். ஆனால் தெருக்கம்பியில் இரைச்சல் அதிகம். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் ஒவ்வொரு அரை அலையிலும் கரண்ட்டை வெட்டித் திறக்கிறது. நொடிக்கு 100 தெறிப்பு. சார்ஜரும் எல்.இ.டி. பல்பும் ஓயாமல் சீறும். கிணற்று மோட்டார் கிளம்பினால் அந்தக் கணம் எதுவுமே கேட்காது.

இவ்வளவு இரைச்சலில் எவ்வளவு தகவல் போகும்? 1948-இல் கிளாட் ஷானன் இதற்கு வழி சொன்னார். அலைவரிசையின் அகலமும், சிக்னல் இரைச்சலைப் போல எத்தனை மடங்கு என்பதும் தெரிந்தால் உச்சவரம்பு கிடைத்துவிடும். 50 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் சிக்னலும் இரைச்சலும் சமம் என்றால் நொடிக்கு 50,000 பிட். சிக்னல் 15 மடங்கு என்றால் 2 லட்சம். சிக்னலைவிட இரைச்சல் 15 மடங்கு என்றாலும் 4,600 பிட் தேறும். மீட்டர் ரீடிங்குக்கு அதுவே பெரிது.

ஆனால் இந்தச் சூத்திரம் ஒரே சீரான இரைச்சலுக்கானது. வீட்டு இரைச்சலோ விட்டுவிட்டு வருவது. 10 மில்லிசெகண்ட் கொண்ட அரை அலையில் 1 மில்லிசெகண்ட் மட்டும் இரைச்சல் சிக்னலைப் போல 10 மடங்கு, மீதி 9-இல் பதினைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதே 50 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இரைச்சலைச் சராசரியாக்கிக் கணக்குப் போட்டால் கிடைப்பது நொடிக்குச் சுமார் 48,000 பிட். நேரத்தைப் பிரித்துப் போட்டால் 1,80,000! கம்பி அதேதான், இரைச்சலும் அதேதான். சராசரி பார்த்தவர்கள்தான் இந்தக் கம்பியை உதவாது என்று ஒதுக்கினார்கள் என்பது என் எண்ணம். நல்ல மோடம் கரண்ட் அலையின் தாளத்தைக் கவனித்து, அமைதியான இடைவெளியில் அதிகம் அனுப்பும். தெறிப்பில் சில பிட் அழிந்தாலும் மீட்டெடுக்க வசதியாகத் தகவலைக் கலைத்துப் போட்டே அனுப்பும்.

கரிசல் ஊர்களில் வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால், கம்பி நீள நீளச் சிக்னல் தேய்ந்துகொண்டே வரும். அப்போது வாங்கும் கருவிக்குப் பக்கத்து வீட்டுச் சார்ஜரின் இரைச்சல்கூடப் பெரிதாகிவிடும். அதனால் இங்கே கம்பியின் இரைச்சலை அளக்கப் போகிறவர்கள் நடுப்பகலில் மட்டும் அளந்தால் போதாது. விளக்குப் போடும் நேரத்திலும், மோட்டார் ஓடும் நேரத்திலும் அளக்க வேண்டும்.